கடிக்க வரும், மெல்ல வராது

“பல்லு வரப்போகுது, கடிக்க ஏதாச்சும் கையில குடு.” குழந்தையின் எச்சில் சட்டையை நனைக்கத் தொடங்கியதும், கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகத் தொடங்கியதும், வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதுதான். சொல்வது சரிதான். ஆனால் அதைக் கேட்டு ஒரு வீட்டில் முறுக்கை ஒடித்துக் கொடுக்கிறார்கள், இன்னொரு வீட்டில் பச்சைக் கேரட்டைத் தோல் சீவிக் கொடுக்கிறார்கள், வேறொரு வீட்டில் ரஸ்க் டப்பா திறக்கிறது. மூன்றையும் நான் இந்த வயதுக்கு வேண்டாம் என்பேன். ஏன் என்று தெரிந்துகொண்டால், இந்தப் புத்தகத்தில் பெயர் சொல்லாத பண்டம் கைக்கு வந்தாலும் கொடுக்கலாமா கூடாதா என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

“கடிக்க ஏதாவது” என்பதற்குள் இரண்டு தேவைகள் இருக்கின்றன. ஒன்று, ஈறு குறுகுறுக்கும்போது அழுத்திக் கடிக்க ஒரு பொருள். மற்றது, தாய்ப்பாலுக்கு மேல் வயிற்றுக்குப் போக வேண்டிய உணவு. கடிப்பதற்கான பொருள் உடையவே கூடாது, வாய்க்குள் முழுதாகப் போகவும் கூடாது. தின்பதற்கான பொருள் ஈறு பட்டாலே மசிய வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒரு பக்கம் தெளிவாக நிற்கிற எதையும் பயமில்லாமல் கொடுக்கலாம். உடையும், ஆனால் மசியாது என்று நடுவில் நிற்பவைதான் தொண்டைக்குள் போய் அடைப்பவை. முறுக்கும் பச்சைக் கேரட்டும் அந்த நடு ரகம்.

எந்தப் பல் எப்போது வருகிறது

பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் கீழ் ஈறின் நடுவில் இரண்டு பற்கள் தலைகாட்டும். 8 முதல் 12 மாதத்தில் அவற்றுக்கு நேர் மேலே இரண்டு. அவற்றின் பக்கத்துப் பற்கள் 9 முதல் 16 மாதத்துக்குள். முதல் கடைவாய்ப் பற்கள் வர 13 முதல் 19 மாதம் ஆகும். கோரைப் பற்கள் 16 முதல் 23 மாதத்தில். கடைசிக் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதை ஒட்டித் தொடங்கி, மூன்று வயது நெருங்கும்போது 20 பாற்பற்களும் நிறைந்துவிடும். சில குழந்தைகளுக்கு நான்காம் மாதத்திலேயே வரும், சிலருக்கு முதல் பிறந்தநாள் தாண்டியும் வராது. ஒன்றரை வயதிலும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்பல்லின் வேலை நறுக்குவது. அரைப்பது கடைவாய்ப் பல்லின் வேலை. முன்பல் வந்து, கடைவாய்ப் பல் வருவதற்குள் ஏழெட்டு மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் குழந்தைக்குக் கடித்துத் துண்டாக்க முடியும், துண்டானதை அரைக்க முடியாது. பல்லே இல்லாத ஐந்தாம் மாதத்தில் கேரட்டை வெறுமனே சப்பிக்கொண்டிருந்த அதே குழந்தை, இரண்டு பல் வந்ததும் அதை ஒரு கடி கடித்து, கெட்டியான ஒரு துண்டை வாய்க்குள் இறக்கிவிடும். “நேத்துகூடக் குடுத்தேனே, ஒண்ணும் ஆகலையே” என்று நினைக்க முடியாத கட்டம் இது. பல் வந்துவிட்டது, இனி எதையும் கொடுக்கலாம் என்று வீடே மகிழ்கிற நேரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அதற்காகக் குழைத்த சோற்றிலேயே நிறுத்திவிடவும் கூடாது. மென்மையான உணவை மசிக்கும் வலு வெறும் ஈறுக்கே உண்டு. அதனால் பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவைத் தொடங்கி, எட்டு மாத வாக்கில் கையால் எடுத்துத் தின்னும் உணவைக் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 10 மாதம் தாண்டியும் மிக்ஸியில் அரைத்ததையே ஊட்டிக்கொண்டிருந்தால், பின்னால் கட்டியான உணவைக் குழந்தை ஒதுக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு வயதிலும் சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டதும் துப்பும் குழந்தைகளின் அம்மாக்கள், பயத்தால் எல்லாவற்றையும் அரைத்தே கொடுத்து வந்தோம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு விரல் சோதனை

எந்த உணவையும் தட்டில் வைக்கும் முன் உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். அதிகம் பலம் கொடுக்காமலே நசுங்கிப் பசையானால் குழந்தையின் ஈறும் அதைச் செய்துவிடும். நழுவி எகிறினாலோ, துண்டு துண்டாக உடைந்தாலோ, ரப்பர் மாதிரி அமுங்கி மீண்டும் எழும்பினாலோ கொடுக்காதீர்கள். வெந்த பரங்கிக்காய் இந்தச் சோதனையில் உடனே தேறும். அரைவேக்காட்டு பீன்ஸ் தேறாது. நாம் பொரியலுக்கு வேகவைக்கும் பதம் குழந்தைக்குப் போதாது, இன்னும் ஐந்து பத்து நிமிடம் ஆவியில் இருக்கட்டும்.

அடுத்தது வடிவம். ஆறேழு மாதக் குழந்தை உள்ளங்கையால்தான் பொருளைப் பற்றும். முஷ்டிக்குள் போனது போக மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டுமே அதனால் தின்ன முடியும். அதனால் உங்கள் நடுவிரல் நீளத்துக்கும் கனத்துக்கும் நறுக்கிக் கொடுங்கள். ஒன்பது மாதத்தை ஒட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பொறுக்கும் பிடி வந்துவிடும், தரையில் கிடக்கும் எறும்பைக்கூட எடுக்கப் பார்க்கும். அப்போது மசியும் உணவைச் சிறு சிறு துண்டாக்கித் தரலாம். வட்டமாக மட்டும் நறுக்காதீர்கள். மூச்சுக்குழாயும் வட்டம், கேரட் சில்லும் வட்டம், திராட்சையும் வட்டம். அதே அளவில் போய் உட்கார்ந்துகொண்டால் மூச்சுக்கு வழியிருக்காது. திராட்சை என்றால் விதை நீக்கி நீளவாக்கில் நான்காகக் கீறித்தான் தர வேண்டும்.

நம் அடுக்களையில் மசிகிறவை

கடையில் “பேபி ஸ்நாக்ஸ்” என்று விற்கிற எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. நம் ஊர்ச் சமையலில் பாதி ஆவியில் வேகிறது. இந்த வயதுக்கு அதைவிட ஏற்ற முறை வேறில்லை.

இட்லியிலிருந்து தொடங்கலாம். புளித்த மாவு, பஞ்சு போன்ற பதம், எளிதில் செரிக்கும். ஆனால் ஆறிப்போன, காய்ந்த இட்லி வாய்க்குள் உருண்டு மேலண்ணத்தில் ஒட்டும். சூடு ஆறி, ஈரம் காயாத இட்லியை நீளவாக்கில் மூன்றாக அரிந்து, இரண்டு சொட்டு நெய்யோ உப்பில்லாத பருப்புத் தண்ணீரோ தடவிக் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த இட்லியின் ஓரம் தோல் மாதிரி இறுகியிருக்கும். அதைத் திரும்ப ஆவியில் ஏற்றாமல் தராதீர்கள். தோசை என்றால் மொறுமொறுப்பு கூடாது. கொஞ்சம் கனமாக ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் ஒரே பக்கம் வேகவிட்டு எடுத்தால் மெத்தென்று வரும். ஓரத்தைக் கிள்ளி நீங்கள் தின்றுவிட்டு நடுப்பகுதியைப் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுங்கள். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் நனைத்து, நீண்ட இழைகளாகத் தொங்காதபடி நறுக்கித் தரலாம்.

ஒரு தோசை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல் முளைக்கும் மாதங்களில் திரும்பத் திரும்பச் செய்யத் தகுந்தது இது. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதியைக் கையால் கட்டியில்லாமல் மசியுங்கள். அதில் கேழ்வரகு மாவு இரண்டு மேசைக்கரண்டி போட்டு, தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கரையுங்கள். முருங்கைக்கீரை இலை ஒரு கைப்பிடியை வேகவைத்து விழுதாக அரைத்து அதில் ஒரு தேக்கரண்டி சேருங்கள். கீரையை முழு இலையாகப் போட்டால் நாக்கில் ஒட்டி ஓங்கரிக்க வைக்கும். பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கல் அதிகம் சூடேறாமல், நெய் தடவி, உள்ளங்கை அகலத்தில் ஊற்றி மூடிவிடுங்கள். மேலே ஈரம் போய், அமுக்கினால் மெதுவாக இருக்கும்போது திருப்பி, அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. இனிப்புக்குப் பழமே போதும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் இதே மாதிரி ஊற்றலாம், அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் பழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், பரங்கிக்காய், பீட்ரூட் எல்லாமே இட்லிப் பானையில் வெந்தால் விரல் உணவுதான். கிழங்கில் நார் தெரிந்தால் உருவி எடுத்துவிடுங்கள். பீட்ரூட் தின்ற மறுநாள் மலம் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆப்பிளையும் பேரிக்காயையும் வேகவைத்தோ, துருவியோதான் தர வேண்டும். பச்சை ஆப்பிள் துண்டு அச்சு அசலான நடு ரகம்.

வாழைப்பழம் வழுக்கும், அதனால் குழந்தை மொத்தமாக வாய்க்குள் திணித்துக்கொள்ளும். தோலுரித்த பழத்தின் நுனியில் ஆள்காட்டி விரலை மெல்ல அழுத்தினால் அது நீளவாக்கில் தானாகவே மூன்றாகப் பிளக்கும். அந்தப் பிளவு ஒன்றே ஒரு வேளைக்குப் போதுமான அளவு, பிடிக்கவும் வாகாக இருக்கும். நேந்திரம் பழம் கிடைக்கிற ஊர்க்காரர்கள் அதைத் தோலோடு ஆவியில் வைத்து, நடுவில் ஓடும் கருப்பு விதைக் கோட்டை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

வயிறு நிறைந்தால் போதும் என்று மாவுப் பண்டங்களோடு நின்றுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து குழந்தைக்குப் போதாது. நம் ஊரில் கைக்குழந்தைகளிடம் ரத்தசோகை அதிகம். அதனால் தட்டில் தினம் ஒன்றாவது இரும்பு தருவதாக இருக்கட்டும். நன்றாக வெந்த முட்டையை ஆம்லெட்டாகப் போட்டுப் பட்டைகளாக வெட்டலாம். வேகவைத்த ஆட்டு ஈரலைத் துருவி, வாரம் ஒருமுறை இட்லி மேல் தூவலாம். மீன் என்றால் முள் குறைந்த துண்டை வேகவைத்து, கையால் உதிர்த்து, ஒவ்வொரு உதிரையும் விரலுக்கிடையில் தடவிப் பார்த்த பிறகே தட்டில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும். சைவ வீடுகளில் தோலுரித்த பாசிப்பயறு அடை, குழைந்த கொண்டைக்கடலை மசியல் உருண்டை. கடலைத் தோலை நீக்கிவிடுங்கள். கூடவே ஒரு துண்டு பப்பாளியோ ஆரஞ்சுச் சாறு பிழிந்த மசியலோ இருந்தால் தானிய, பருப்பு வகை இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும்.

நிலக்கடலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வாமைக்குப் பயந்து அதை வருடக்கணக்கில் தள்ளிப்போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. லண்டனில் நடந்து 2015-ல் வெளியான ‘லீப்’ ஆய்வு அதை மாற்றியது. ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிடமே, முதல் வருடத்தில் தொடங்கிய கடலை உணவு ஒவ்வாமையைப் பெருமளவு குறைத்தது. ஆகவே கடலையைக் கொடுக்கலாம், ஆனால் வெண்ணெய் போல் அரைத்து, கஞ்சியில் நீர்க்கக் கலந்து மட்டுமே. கடுமையான தோல் கரப்பான் இருந்தாலோ முட்டை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலையோ பாதிக் கடலையோ கூடவே கூடாது. நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து குழாய் விட்டு எடுக்கப்படும் பொருள்களில் முதலிடம் நிலக்கடலைக்குத்தான்.

கடிப்பதற்கு மட்டும்

ஈறு வீங்கியிருக்கும் நாளில் குழந்தைக்கு வேண்டியது குளிர்ச்சியும் அழுத்தமும். சுத்தமான பருத்தித் துணியைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய டீத்தரை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. ஓரம் மழுங்கிய எவர்சில்வர் ஸ்பூனையும் இப்படிக் குளிர வைக்கலாம். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்த பொருள் ஈறைக் காயப்படுத்தும். டீத்தர் வாங்கினால் ஒரே துண்டாக வார்த்த சிலிக்கான் பாருங்கள். உள்ளே நீர் நிரப்பியவை பல் பட்டுக் கிழியக்கூடும்.

மாம்பழக் காலத்தில் இயற்கையே ஒரு டீத்தர் தருகிறது. பங்கனப்பள்ளி போன்ற பெரிய பழத்தின் சதையை முக்கால்வாசி சீவி எடுத்துவிட்டு, கொட்டையைக் கையில் கொடுங்கள். வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு, உடையாது, வழுக்கினாலும் நாரைப் பிடித்துக்கொள்ளலாம். நார் பிய்ந்து வரத் தொடங்கியதும் வாங்கிவிட வேண்டும். சிறிய நாட்டுமாங்கொட்டை இதற்கு ஆகாது.

கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடையும், கொடுக்காதீர்கள். முருங்கைக்காயை அப்படியே சப்பக் கொடுப்பது பல வீடுகளில் பழக்கம். விதையும் நாரும் வாய்க்குள் பிரிந்து வரும், எனவே சதையை ஸ்பூனால் வழித்து ஊட்டுங்கள். கையில் கட்டிய வசம்பு வளையத்தையும் மணி கோத்த கயிற்றையும் குழந்தை கடிக்கத்தான் செய்யும். கயிறு நைந்தால் மணி வாய்க்குள். இந்த மாதங்களில் கழற்றி வைத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து, பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி.

மருந்துக் கடையில் கிடைக்கும் மரத்துப்போகச் செய்யும் பல் ஜெல் வேண்டாம். அதில் பென்சோகெயின் இருந்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது. ஈறில் தேன் தடவுவதும் ஒரு வயது வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்திவிடும். சுத்தமான மலைத்தேன் என்றாலும் இதில் விலக்கில்லை.

நடு ரகம்

முறுக்கு, தட்டை, சீடை, அப்பளம், சிப்ஸ், பொட்டுக்கடலை, வறுத்த பட்டாணி, பாப்கார்ன், பச்சைக் கேரட், வெள்ளரிக்காய், தேங்காய்ச் சில்லு, கொய்யா, முழுத் திராட்சை, கல்கண்டு, கமர்கட்டு. பேரீச்சை, கடலை மிட்டாய், ஜவ்வு போல் இழுக்கும் எதுவும் இதே வரிசை, அவை ஒட்டிக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் வீடுகளில் முதல் பல் வந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசை போலப் பதித்து, குழந்தையின் தலைக்கு மேல் துணி பிடித்துக் கொட்டுவார்கள். எவ்வளவு அழகான சடங்கு. புலம்பெயர்ந்த ஊர்களிலும் விடாமல் செய்கிறார்கள். கொட்டிய கொழுக்கட்டையில் ஒன்றைக் குழந்தை எடுத்து வாயில் வைக்கத்தான் பார்க்கும். படம் எடுத்து முடிந்ததும் தேங்காய்ச் சொட்டு எதுவும் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஒருவர் பொறுக்கிவிடுங்கள்.

ரஸ்க்கும் பிஸ்கட்டும் எச்சிலில் ஊறினால் கரைபவைதான் என்று வாதிடுவார்கள். கரைவதற்கு முன் உடையும் என்பது ஒன்று. பாலில் நனைத்தால் அது போகும். ஆனால் மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பசை, புதிதாக முளைத்த பல்லின் மேல் அப்பிக்கொண்டே கிடக்கும். இனிப்பு பழகிய நாக்கு பிறகு பருப்பையும் கீரையையும் ஏற்காது. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காதீர்கள், ஒரு வயது வரை உப்பும் வேண்டாம். பாக்கெட்டின் முன்பக்கத்தில் குழந்தை சிரிக்கும். பின்பக்கத்தைத் திருப்பி குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உட்கார்ந்து, ஒருவர் பார்த்திருக்க

இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் காக்கா காட்டி ஊட்டுவது நம் வழக்கம். குழைத்த சோற்றுக்கு அது சரி, விரல் உணவுக்குச் சரிப்படாது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உயர நாற்காலி இல்லாவிட்டால் பாயில் நீங்கள் சம்மணம் போட்டு, குழந்தையின் முதுகு உங்கள் வயிற்றில் சாய, தட்டு முன்னால் இருக்கட்டும். இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். தவழும்போது, படுத்திருக்கும்போது, வண்டியில் போகும்போது, அழும்போது, சிரிக்க வைக்கும்போது வாயில் உணவு இருக்கக் கூடாது. அண்ணனும் அக்காவும் அன்போடு ஊட்டிவிடும் கடலையைப் பற்றி அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். சாப்பிடும் முன் குழந்தையின் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், இப்போது அந்தக் கைதான் ஸ்பூன்.

ஓங்கரிப்பும் அடைப்பும்

புதிய உணவு நாக்கின் பின்பக்கம் பட்டதும் குழந்தை ஓங்கரிக்கும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், இருமும், சத்தம் கேட்கும். இது உடம்பின் காவல், கொஞ்ச நாளில் குறையும். அமைதியாக இருங்கள். விரலை விட்டுத் தோண்டாதீர்கள், தோண்டினால் வெளியே வரவேண்டியது உள்ளே போகும். உச்சந்தலையில் தட்டுவதாலும் பலனில்லை.

உண்மையான அடைப்பில் சத்தம் இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாரிக்கும். அப்போது ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் என்றால், குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கி, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடியுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை உறுதியாகத் தட்டுங்கள். வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி, தலை தாழ்வாகவே இருக்க, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நடு நெஞ்செலும்பில் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. நினைவு தப்பினால் உடனே மார்பு அழுத்தமும் செயற்கைச் சுவாசமும் தொடங்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வதைவிடப் பொம்மை வைத்துப் பழகுவது கைக்குத் துணிவு தரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியையும் முதலுதவிப் பயிற்சிக்கு அழைத்துப் போங்கள்.

திடீரென்று பலமாக இருமிவிட்டுப் பிறகு சாதாரணமாக விளையாடும் குழந்தையையும் கவனியுங்கள். கடலைத் துண்டு மூச்சுக்குழாயின் ஒரு கிளையில் தங்கிவிட்டால், அன்று ஒன்றும் தெரியாது. பின்னால் விடாத இருமலும் வீசிங்கும் வரும், சளி என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். சாப்பிடும்போது புரையேறிய சம்பவம் நடந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பல்லின் மேல் பழி போடாதீர்கள்

“பல்லு முளைக்குது, அதான் வயித்தால போகுது” என்று விட்டுவிடுவது ஆபத்தான பழக்கம். ஈறு வலியும், எச்சிலும், லேசான வெதுவெதுப்பும், சிணுங்கலும் பல்லால் வரும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சலும் தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கும் பல்லால் வருவதில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குறையும் மாதங்களும், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் மாதங்களும் பல் வரும் மாதங்களோடு ஒன்றாக வருகின்றன. வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கொடுத்து, 14 நாள் துத்தநாக மருந்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலி அதிகமான நாளில் குழந்தை ஸ்பூனைத் தள்ளிவிடும். ஸ்பூனின் ஓரம் ஈறில் படுவதுதான் காரணமாக இருக்கும். குளிர்ந்த கெட்டித் தயிரை உங்கள் சுத்தமான விரலால் ஊட்டிப் பாருங்கள், குளிர்ந்த பப்பாளித் துண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாமல் தாய்ப்பாலைக் கூடுதலாகக் கொடுங்கள்.

கடைவாய்ப் பல் வந்த பிறகு

முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே காலையும் இரவும் துலக்கிவிடுங்கள். மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு. பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் மேல் முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும்.

ஒன்றரை வயதை ஒட்டி மேலும் கீழும் முதல் கடைவாய்ப் பற்கள் சேர்ந்து அரைக்கத் தொடங்கும். அப்போது பருப்பில் ஊறிய சப்பாத்தி, பொரியல் பதத்துக் காய், தோல் சீவி மெல்லியதாக அரிந்த கனிந்த கொய்யாச் சதை என்று ஒவ்வொன்றாக ஏற்றலாம். விரல் சோதனையை அப்போதும் கைவிட வேண்டாம், கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். மொறுமொறுப்பான பலகாரம் கடைசிக் கடைவாய்ப் பற்கள் வரும்வரை காத்திருக்கட்டும். முழு நிலக்கடலை, முந்திரி, பாதாம், பாப்கார்ன் மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம். எல்லாப் பல்லும் வந்திருந்தாலும், ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்கிற வயது அது.